பதக்கம் வாங்கிய ஒயின்

'பதக்கம் வாங்கினார்' என்று தமிழில் சொன்னால், எந்தக் கடையில் என்று யாரும் கேட்பதில்லை. பெற்றுக்கொள்வதும் காசு கொடுத்து எடுப்பதும் 'வாங்கு' என்ற ஒரே சொல்லுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. மரியானி ஒயின் பதக்கங்களுக்கு வரும்போதுதான் அந்தச் சொல் இடறுகிறது. பாரிஸில் 1863இல் பிறந்து, அந்த நூற்றாண்டு முடியும்வரை உலகெங்கும் விற்ற அந்த டானிக் ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'போப்பே தங்கப் பதக்கம் கொடுத்த ஒயின்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். பழம்பொருள் வியாபாரி ஒரு வெண்கல வட்டத்தை நீட்டி, 'இது மரியானி ஒயினுக்குக் கிடைத்த மெடல்' என்பார். இரண்டு பேச்சிலும் அந்தக் 'கு' உருபு செய்யும் வேலை பெரிது. ஒயினுக்குக் கிடைத்ததா, ஒயின் விற்றவருக்குக் கிடைத்ததா, இல்லை விற்றவரே சொந்தச் செலவில் அடிக்கச் சொன்னதா? மூன்றும் வேறு வேறு பொருள்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் மூன்றும் ஒன்றுபோலவே மின்னும்.

ஆஞ்சலோ மரியானியின் கதை பலருக்கும் தெரிந்ததே. 1838இல் கோர்சிகாத் தீவில் பிறந்தவர், மருந்துக்கடைத் தொழில். பிரான்சின் போர்டோ வட்டார ஒயினில் கோக்கா இலையை ஊறவைத்தார். ஒயினிலுள்ள சாராயம் இலையிலிருந்து கோக்கெய்னை இழுத்துக்கொண்டது. பிரெஞ்சுச் சரக்கில் ஓர் அவுன்சுக்கு, அதாவது சுமார் 30 மில்லிக்கு, 6 மில்லிகிராம். ஏற்றுமதிச் சரக்கில் 7.2 மில்லிகிராம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சாப்பாட்டுக்குப் பின் அரிஷ்டம் குடிப்பதுபோல ஒரு கிளாஸ் குடிக்கச் சொன்னார்கள். குடித்தவருக்குக் களைப்பு போனதில் வியப்பில்லை. சாராயமும் கோக்கெய்னும் ஒன்றாக உள்ளே போனால் கல்லீரல் கோக்கெத்திலீன் என்ற மூன்றாவது பொருளையும் செய்துவிடுகிறது, அதற்கும் போதை உண்டு. (கோக்கா வேறு, சாக்லேட்டுக்கான கோக்கோ வேறு. இந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை, அதனால் சொல்லி வைக்கிறேன்.) அமெரிக்காவில் பெம்பர்டன் என்ற மருந்தாளர் 1885இல் இதைப் பார்த்துத் தானும் ஒரு கோக்கா ஒயின் செய்ததும், அட்லாண்டாவில் மதுவிலக்கு வந்ததும் அவர் ஒயினை எடுத்துவிட்டு 1886இல் கோக்கா கோலாவுக்குப் போனதும் வேறு கதை.

மரியானியின் உண்மையான திறமை ஊறவைப்பதில் இல்லை, அடுத்தவரைப் பேசவைப்பதில் இருந்தது. பெயர்பெற்றவர்களுக்கு ஒயினை அனுப்புவார். நன்றிக் கடிதம் வரும். கடிதமும் பொறித்த உருவப்படமும் வாழ்க்கைக் குறிப்புமாக ஆல்பத்தில் ஏறும். 1894 முதல் 1925 வரை 14 தொகுதிகள். சோலா, ஜூல் வெர்ன், எடிசன், ரோடின் எல்லாரும் அதில் உண்டு. தெருச் சுவருக்கு ஓவியர் ஷெரேயின் வண்ணச் சுவரொட்டி, வீட்டு வரவேற்பறைக்கு ஆல்பம், கையில் வைத்துப் பார்க்க வெண்கலம். பதக்கத்தை இந்த வரிசையில் வைத்துப் பார்க்காமல் பரிசுகளின் வரிசையில் வைப்பதுதான் முதல் தவறு என்பது என் எண்ணம்.

போப்பின் பதக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 13ஆம் லியோ, நம் ஊர்ப் பழைய கத்தோலிக்க வழக்கில் சிங்கராயர், மரியானிக்குத் தங்கப் பதக்கம் அனுப்பியதாக அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரம் பெரிய எழுத்தில் சொன்னது. விளம்பரத்தின் வாசகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒயினின் நற்பலனை உணர்ந்த போப், நன்றிக்கு அடையாளமாகத் தம் திருவுருவம் பொறித்த தங்கப் பதக்கம் ஒன்றை அனுப்பினார் என்பதுதான் அது. அதாவது பதக்கத்தில் இருந்தது போப்பின் முகம். வத்திக்கானில் ஆண்டுதோறும் ஜூன் 29, பேதுரு பவுல் திருநாளையொட்டி, தங்கம், வெள்ளி, வெண்கலத்தில் போப்பின் தலையுடன் சுமார் 44 மில்லிமீட்டர் பதக்கம் அடிப்பது நெடுநாள் வழக்கம். லியோ காலத்துப் பதக்கங்களில் பியாங்கி என்ற செதுக்குநரின் கையொப்பத்தைப் பார்க்கலாம். தூதர்கள், விருந்தாளிகள், உபகாரிகள் என்று பலருக்கும் போப்பின் உருவப் பதக்கம் அன்பளிப்பாகப் போகும். பெரிய மனிதர் கழற்றிக் கொடுத்த மோதிரத்துக்கும் போட்டியில் கொடுத்த கோப்பைக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும். பொய் சொல்லாமலே ஒன்றை இன்னொன்றாகக் காட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

கண்காட்சிப் பதக்கம் உண்மையிலேயே பரிசு. அதிலும் ஒரு வளைவு இருக்கிறது. 1889 பாரிஸ் உலகக் கண்காட்சிக்குச் சிற்பி லூயி போத்தே செய்த பதக்கம் எல்லோருக்கும் வெண்கலம்தான். 'தங்கப் பதக்கம்' என்ற தரம் சான்றிதழில் இருந்தது, உலோகத்தில் இல்லை. அதனால் ஒரு புட்டி லேபிளில் '1889 தங்கப் பதக்கம்' என்று இருந்து, அந்தக் கம்பெனியின் வாரிசுகள் வெண்கலத்தைக் காட்டினால் இரண்டும் மெய்யாகவே இருக்கலாம். இந்த வகையை அடையாளம் காண எளிய வழி, பெறுபவரின் பெயருக்கென்று விட்டிருக்கும் சிறு பலகை. பின்பக்கத்தில் சட்டம்போல ஓர் இடம், அதில் பெயர் புடைப்பு எழுத்திலோ கீறலாகவோ இருக்கும். பலகை வெறுமையாக இருந்தால் அது பெரும்பாலும் யாரும் பெறாத உதிரிப் பிரதி. பெயர் மற்ற எழுத்துகளைவிடக் கூர்மையாக, புதிதாக, தளத்தின் பழுப்பை வெட்டிக்கொண்டு பளிச்சென்று தெரிந்தால் பிறகு யாரோ கீறியது. பழைய கீறலுக்குள்ளும் அதே பழுப்பு இறங்கியிருக்க வேண்டும்.

விளிம்பைப் பாருங்கள்

பதக்கத்தைக் கையில் வாங்கியதும் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் முதலில் பக்கவாட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். பிரெஞ்சுப் பதக்கத்தின் பாதி வரலாறு அந்த நாலைந்து மில்லிமீட்டர் தடிமனில்தான் எழுதியிருக்கிறது. பாரிஸ் நாணயச்சாலை 1832 முதல் தான் அடித்த பதக்கங்களின் விளிம்பில் ஒரு குறியும் உலோகத்தின் பெயரும் குத்தி வந்தது. முதலில் பழங்கால விளக்கு. நடுவில் சிறிது காலம் நங்கூரம், கப்பல் முகப்பு. 1845 முதல் 1860 வரை சுட்டுவிரல் நீட்டிய கை. 1860 முதல் 1879 வரை தேனீ. 1880 முதல் கனிகள் வழியும் கொம்பு. கொம்புக்குப் பக்கத்தில் 'பிரோன்ஸ்' என்று இருந்தால் வெண்கலம், 'அர்ஜான்' என்று இருந்தால் வெள்ளி. முந்தைய காலத்துக்கு 'குய்வ்ர்', அதாவது செம்பு, என்ற சொல்தான் வழக்கம். மரியானி பதக்கங்கள் பரவிய காலத்துக்குக் கொம்புதான் பொருந்தும். தேனீக் குறியோடு ஒன்று வந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

இந்தக் குறிதான் என் பார்வையையே திருப்பிப் போட்டது. அரசு நாணயச்சாலை முத்திரை இருக்கிறது, ஆகவே அரசு அங்கீகாரம் இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. அன்றைய வாடிக்கையாளர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். உண்மையில் அந்தக் குறி சொல்வது இரண்டே விஷயங்கள்: எங்கே அடித்தது, எந்த உலோகம். தனியார் ஒருவர் சிற்பியைப் பிடித்து அச்சு செய்து, செலவைக் கட்டினால் நாணயச்சாலை அடித்துக் கொடுக்கும். திருமண நினைவுப் பதக்கமும் அங்கே அடித்தார்கள், சங்கங்களின் ஆண்டு விழாப் பதக்கமும் அடித்தார்கள். கொம்பு என்பது நகையில் உள்ள ஹால்மார்க் மாதிரி. நகை யாருடையது, எதற்காகப் போட்டது என்று ஹால்மார்க் சொல்லாது. இது புரிந்த பிறகு 'மரியானி ஒயினுக்குப் பிரெஞ்சு அரசு பதக்கம்' என்ற வாக்கியம் காலொடிந்து விழுந்துவிடுகிறது. கொம்பு இருந்தால் மட்டும் வயது தெரிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அச்சுகள் நாணயச்சாலையிலேயே தங்கும், கேட்டால் பல பத்தாண்டுகள் கழித்தும் மறுபடி அடிப்பார்கள், அதிலும் அதே கொம்புதான் இருக்கும். பிற்கால மறுஅடிப்பு சிலவற்றில் விளிம்பில் ஆண்டும் சேர்ந்திருக்கும். ஆண்டு இல்லாதவற்றில் கூர்மையையும் பழுப்பின் நிறத்தையும் அச்சின் தேய்மானத்தையும் வைத்துத்தான் முன்பின் சொல்ல முடியும். விளிம்பில் எதுவுமே இல்லாவிட்டால் போலி என்றும் முடிவு கட்டக்கூடாது, தனியார் பட்டறைகளும் அடித்தன.

அடுத்து பார்க்க வேண்டியது வாசகம். பிரெஞ்சில் 'ஆ' என்ற ஒற்றை எழுத்து நம் 'கு' உருபின் வேலையைச் செய்கிறது. அதற்குப் பின்னால் மரியானியின் பெயர் வந்தால் அவருக்குக் கொடுத்தது என்றாவது பேச்செடுக்கலாம். வெறும் பெயர், பொருளின் பெயர், கோக்கா என்ற சொல் மட்டும் இருந்தால் அது அறிவிப்பு. நடுவர் குழுவின் பெயரோ கண்காட்சியின் பெயரோ ஆண்டோ இல்லாத பரிசுப் பதக்கம் அரிது. சிற்பியின் கையொப்பம் பெரும்பாலும் உருவத்தின் கழுத்து முடியும் வெட்டின் ஓரத்திலோ கீழ் விளிம்பை ஒட்டியோ ஒளிந்திருக்கும். பெயர்பெற்ற கை என்றால் பதக்கத்தின் மதிப்பு கூடும். ஆனால் அதுவும் தகுதிச் சான்று இல்லை, நல்ல கூலி கொடுத்ததற்கான சான்று.

நல்ல கூலி கொடுத்தால் நல்ல வேலை கிடைத்த காலம் அது. 1868இல் சிற்பி போன்ஸ்கார்ம், நோதே என்பவரின் உருவத்தோடு செய்த பதக்கத்தில், நாணயம்போல் எழும்பி நின்ற ஓரத்தையும் கண்ணாடிபோல் மின்னிய தளத்தையும் எடுத்துவிட்டார். முகம் மங்கலான தளத்திலிருந்து மெல்ல எழுந்து வருவதுபோல ஆயிற்று. அவருக்குப் பின் ரோத்தி என்ற சிற்பி செவ்வகப் பலகை வடிவத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். பிரெஞ்சு நாணயத்தில் 1897இல் வந்த விதைக்கும் பெண் இவர் செய்ததுதான். 1899இல் பிரெஞ்சுப் பதக்க நண்பர்கள் சங்கமே தொடங்கினார்கள். பதக்கம் பரிசாக இருக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டு, சுவரில் மாட்டாத ஓவியமாக, மேசையில் வைக்கும் சிற்பமாக ஆனது. விற்பனைச் சரக்குக்குப் பதக்கம் அடிப்பது அந்தச் சூழலில் கூச்சப்பட வேண்டிய வேலையாக இல்லை. இதனால்தான் மரியானியைப் போலிப் பரிசு காட்டியவர் என்று ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனம் வருவதில்லை. பதக்கம் என்ற வடிவம் மாறிக்கொண்டிருந்தது. பார்ப்பவர் கண் மாறவில்லை. அவர் அந்த இடைவெளியில் கடை விரித்தார்.

அடித்ததா, வார்த்ததா

சிற்பி 20, 30 சென்டிமீட்டர் அகலத்தில் மெழுகிலோ களிமண்ணிலோ உருவம் செய்வார். அதைச் சாந்தில் எடுத்து, இரும்பிலோ மின்முலாம் முறையில் செம்பிலோ கெட்டியான பிரதி செய்வார்கள். அதைக் குறுக்கும் இயந்திரத்தில் பூட்டுவார்கள். ஒரு முனை பெரிய உருவத்தின் மேல் வட்டவட்டமாகத் தடவிப் போக, மறுமுனையிலுள்ள கத்தி அதே ஏற்ற இறக்கத்தைச் சின்ன அளவில் எஃகில் செதுக்கும். ஜான்வியே என்பவரின் இயந்திரம் 1899இல் வந்து இந்த வேலையை எளிதாக்கியது, அதற்கு முன்பும் இதே வேலைக்குக் கடைசல் எந்திரங்கள் இருந்தன. எஃகில் புடைப்பாக வந்ததைக் கடினப்படுத்தி, இளகிய எஃகில் அழுத்தினால் குழிவான அச்சு. அந்த அச்சுதான் வெண்கல வில்லையில் விழும். ஒரே உருவத்தைப் பல அளவுகளில் குறுக்கலாம் என்பதால் உள்ளங்கை நிறையும் பதக்கமும், வளையம் வைத்த சின்னத் தொங்கலும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கும். தமிழில் 'பதக்கம்' என்பது முதலில் கழுத்தில் தொங்கும் நகைதான். அந்தச் சின்னது நம் சொல்லுக்கு இன்னும் நெருக்கம்.

உயர்ந்த புடைப்பு ஒரே அடியில் வராது. ஒரு அடி அடித்ததும் உலோகம் இறுகிவிடும். மேலும் அடித்தால் விளிம்பு வெடிக்கும், அச்சும் போகும். எனவே மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி இளக்கி, கருமையை நீர்த்த கந்தக அமிலத்தில் போக்கி, திரும்ப அதே நிலையில் அச்சுக்குள் பொருத்தி அடிக்க வேண்டும். பொருத்தம் ஒரு மயிரிழை தவறினால் எழுத்துக்கு நிழல்போல இரட்டைக் கோடு விழும். அச்சில் கீறல் விட்டிருந்தால் பதக்கத்தில் மெல்லிய மேடுகோடு வரும். இவை இரண்டும் குறைகள்தான், ஆனால் அடித்த பதக்கம் என்பதற்கு நம்பகமான சாட்சிகள்.

வார்ப்பு நகலில் கதை வேறு. அசலை அச்சாக வைத்து வார்த்த வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவில் சுருங்கும். 68 மில்லிமீட்டர் பதக்கத்தின் நகல் 67க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதனால் வெர்னியர் அளவுகோல் இல்லாமல் வாங்கப் போகாதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில், அதாவது சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியில், எழுத்தின் அடிவாரத்தைப் பாருங்கள். அடித்ததில் எழுத்துச் சுவர் தளத்தைச் சந்திக்கும் இடம் கத்தி வைத்ததுபோல் இருக்கும். வார்த்ததில் சோப்பு கரைந்தமாதிரி மழுங்கி, ஊசிமுனைக் குழிகளோடு இருக்கும். விளிம்பில் அரம் தேய்த்த கோடு, மங்கிப்போன கொம்பு இருந்தால் கீழே வைத்துவிடலாம். மின்முலாம் நகல் இன்னும் தந்திரமானது, முகம் அச்சு அசலாக இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒரு தையல்கோடு தெரியும், உள்ளே ஈயம் நிரப்பியிருப்பதால் விரலால் தட்டினால் 'டொக்' என்னும். நல்ல வெண்கலம் கொஞ்சமாவது ஒலிக்கும்.

வெள்ளியா வெள்ளிப் பூச்சா என்ற சந்தேகத்துக்கு உரைகல் வேண்டாம், ஒரு டம்ளர் தண்ணீர் போதும். எலெக்ட்ரானிக் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பதக்கத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டும் கிராம் எண்தான் கன சென்டிமீட்டரில் கொள்ளளவு. உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 160 கிராம் எடையுள்ளது 18.2 காட்டினால் 8.8, வெண்கலம். 15.4 காட்டினால் 10.4, வெள்ளி. 7க்குக் கீழே வந்தால் துத்தநாகக் கலவை, வெண்கலச் சாயம். நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும், மெல்லிய தூரிகையால் தட்டி விடவும். மேலே வெள்ளையாக மின்னி, விளிம்பில் 'பிரோன்ஸ்' என்று இருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம், அது வெள்ளிப் பூச்சுதான்.

இலையின் இரண்டு கோடுகள்

மரியானி பாரிஸை ஒட்டிய நெய்யி ஊரில் கண்ணாடிக் கூடத்தில் கோக்காச் செடி வளர்த்தார். அதாவது சிற்பி விரும்பினால் செடியை நேரில் பார்த்திருக்கலாம். கோக்கா இலையின் அடிப்பக்கத்தில், நடு நரம்பின் இருபுறமும் வில்போல வளைந்து காம்பிலிருந்து நுனிவரை போகும் இரண்டு மெல்லிய கோடுகள் உண்டு. அவை நரம்புகள் அல்ல, இலை மொட்டுக்குள் சுருண்டிருந்த மடிப்பின் தடம். இலையின் ஓரம் பல்லில்லாமல் வழுவழுப்பாக இருக்கும், காய் சிறியது, பழுத்தால் சிவப்பு. பதக்கத்தில் வரும் கிளையை லூப்பின் கீழ் வைத்தால், அந்த இரண்டு கோடு இருக்கிறதா என்பது சுவாரசியமான தேடல். இருந்தால் சிற்பி செடியையோ நல்ல தாவரவியல் படத்தையோ பார்த்திருக்கிறார். தடித்த இலை, அலையலையான ஓரம், இறகுபோல் பிரியும் நரம்பு என்று இருந்தால் பழகிய கை வழக்கமான வாகையை, அதாவது ஐரோப்பிய லாரல் இலையைப் போட்டுவிட்டது. வாகை வெற்றியின் இலை, கோக்கா சரக்கின் இலை. விளம்பரம் பரிசாக வேடமிடுவது நடந்திருந்தால் இந்த இடத்தில்தான் நடந்திருக்கும்.

அமெரிக்காவில் 1906 சட்டம் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதச் சொன்னது. 1914 ஏப்ரலில் மரியானி இறந்தார், அந்த ஆண்டு முடிவதற்குள் கோக்கா இலையையே கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்தது. ஒயின் போயிற்று. புட்டிகள் உடைந்தன, காகிதம் மக்கியது. வெண்கலம் இருக்கிறது, நாம் ஒழுங்காக வைத்திருந்தால்.

ஒழுங்காக வைப்பதில் நம் ஆட்கள் செய்யும் முதல் பாவம் புளி. குத்துவிளக்குக்குப் புளி சரி, பதக்கத்துக்குக் கூடாது. அந்தப் பழுப்பு அழுக்கில்லை. கந்தகச் சேர்மம் தடவி, மேடுகளை நுண்கல் பொடியால் மெல்லத் தேய்த்து வெளிச்சமாக்கி, மெழுகு பூசி, சிற்பி கணக்குப் போட்டு வரவழைத்த நிறம். எலுமிச்சையோ பாலிஷோ பட்டால் அரை நிமிடத்தில் போகும், பிறகு வராது. பழுப்பும் பச்சையுமாகக் கெட்டியாகப் படிந்த களிம்பு பெரும்பாலும் ஆபத்தில்லை. வெளிர் பச்சையில், நகத்தால் தொட்டால் பொடியாக உதிர்கிற புள்ளிதான் வில்லன். குளோரைடு உள்ளே புகுந்து, ஈரமும் காற்றும் கிடைக்கும்போதெல்லாம் வெண்கலத்தைத் தின்னும். கடற்கரை ஊரில் இது வேகமாகப் பரவும். அந்தப் பதக்கத்தைத் தனியே எடுத்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே வைக்க வேண்டும். பி.வி.சி. உறை வேண்டாம், அது கசியும் பசை பச்சையாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் நனைத்த பஞ்சு போதும், அசிட்டோன் மேல் மெழுகையும் எடுத்துவிடும் என்பதால் பிறகு மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுங்கள். ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள். விரல் ரேகை வெண்கலத்தில் நிரந்தரமாகப் பதியும்.

கடைசியாக, கூடவே வைக்கும் சீட்டு. அமிலமில்லாத காகிதம், பென்சில் எழுத்து. குறுக்களவு அரை மில்லிமீட்டர் துல்லியத்தில், எடை, அடர்த்தி, விளிம்பில் இருப்பது அப்படியே, இருபக்க வாசகமும் எழுத்துப் பிசகாமல், கையொப்பம் இருக்கும் இடம், இலையில் கோடு உண்டா இல்லையா. 'பெற்றது' என்ற கட்டத்தில் எதையும் நிரப்பாமல் விடுங்கள். 'அடிக்கச் சொன்னவர்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு அதில் மரியானி என்று எழுதுங்கள்.